உளநோயாளரும் மானிட மதிப்பும்: யோர்க் புகலகத்தின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

1790 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 15 ஆந் திகதி, இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள லீட்ஸ் நகரைச் சேர்ந்த ஹன்னா மில்ஸ் என்னும் கைம்பெண் யோர்க் நகரத்துப் பைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார். குவேக்கர் எனப் பொதுவழக்கில் அழைக்கப்படும் நண்பர் சங்கத்தைச் சார்ந்தவர் அவர். உறவினர் தொலைவில் இருந்தமையால், யோர்க்கில் வாழ்ந்த சங்கத்தாரிடம் அவரைப் பார்த்து வருமாறு வேண்டியிருந்தனர். பார்க்கச் சென்றவர்களை நிருவாகம் உள்ளே விடவில்லை. நோயாளி பிறரைக் காணும் நிலையில் இல்லை என்று கூறித் திருப்பி அனுப்பியது. ஏப்பிரல் 29 ஆந் திகதி அப்பெண் இறந்துபோனார். உள்ளே அவருக்கு நேர்ந்தது என்ன என்பதை வெளியிலிருந்த எவரும் அறிந்திலர்.

ஆறு வாரங்களில் முடிந்துபோன இந்நிகழ்ச்சி, உளநோயாளரைப் பேணும் முறையில் ஒரு புதிய நெறி தோன்றுவதற்குக் காரணமாயிற்று. அந்நெறியின் தோற்றத்தையும் பரவலையும் தளர்ச்சியையும் தொடர்ந்து நோக்குமிடத்து, உளநோய்ச் சிகிச்சையில் இரக்கம் காட்டுதலும் மதிப்பளித்தலும் ஒன்றல்ல என்பது புலனாகின்றது. முன்னதன் பயனை நோயாளரைப் பேணியோர் கண்டுகொண்டனர். பின்னதை நோயாளரே எழுந்து நின்று கேட்கவேண்டியதாயிற்று. அதற்கு நெடுங்காலம் சென்றது.

பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பா பகுத்தறிவைப் போற்றிய காலமாகும். அதுவே உளநோயாளருக்குக் கேடாகவும் அமைந்தது. மனிதனை விலங்கினின்றும் வேறுபடுத்துவது பகுத்தறிவாயின், அதனை இழந்தவன் விலங்கின் நிலைக்கு இறங்கியவனே என்று கொள்வது எளிதாயிற்று. பித்தர் குளிரையும் பசியையும் உணரார் என்ற நம்பிக்கை அக்காலத்தில் வைத்தியர்களிடையும் நிலவியது. இலண்டனிலுள்ள பெத்லெம் வைத்தியசாலை 1770 வரை வேடிக்கை பார்ப்போருக்குத் திறந்துவிடப்பட்டிருந்தது. குருதி வடித்தல், பேதி கொடுத்தல், வாந்தியெடுப்பித்தல் ஆகியனவே வழமையான சிகிச்சைகள். 1788 இல் மூன்றாம் ஜோர்ஜ் மன்னர் சித்தம் கலங்கியபோது, அவரையும் கைகளைப் பிணைக்கும் சட்டையினுள் கட்டிவைத்தனர். மன்னருக்கே அந்நிலையெனின் வறியோரின் நிலையை விரித்துரைக்க வேண்டியதில்லை.

யோர்க் பைத்தியசாலையைக் கொடியோரின் கூடாரமாக எண்ணுதலும் பொருந்தாது. 1777 இல் அது திறக்கப்பட்டபோது, அக்காலத்து அறக்கொடைகளுள் சிறந்ததொன்றாகவே கருதப்பட்டது. வறியோருக்கும் இடமளிக்கவேண்டும் என்பதே அதனை நிறுவியோரின் நோக்கம். ஆனால் அதன் கதவுகள் வெளியாருக்கு மூடப்பட்டன. ஒரே வைத்தியரின் கையில் முழு அதிகாரமும் குவிந்தது. பணம் படைத்த நோயாளரால் வரும் வருவாய் முதன்மை பெற்றது. அறநிலையம் ஒன்று கெடுவதற்கு இவையே போதுமாயின.

ஹன்னா மில்சின் மரணத்தால் உள்ளம் நொந்தவர்களுள் வில்லியம் ரியூக் என்பவரும் ஒருவர். 1732 இல் பிறந்த இவர் யோர்க் நகரில் தேயிலை வாணிகம் நடத்தி வந்தவர், வைத்தியம் பயின்றவரல்லர். (அவர் விற்ற தேயிலை சீனத்திலிருந்து வந்தது. இலங்கையில் வாணிகப் பயிராகத் தேயிலை நடப்படுவதற்கு இன்னும் எழுபத்தைந்து ஆண்டுகள் இருந்தன.) தம் சங்கத்தைச் சேர்ந்த உளநோயாளருக்கெனத் தனி இல்லம் ஒன்று அமைக்கவேண்டும் என்று 1792 இல் அவர் முன்மொழிந்தபோது, சங்கத்தார் உடனடியாக உற்சாகம் காட்டினாரல்லர். அத்தகைய நோயாளர் நம்மிடையே எத்துணைப் பேர் உளர் என்றும், அதற்குப் பணம் எங்கே என்றும் வினவினர். ரியூக் பிடிவாதமுள்ள மனிதர். ஆங்கில இலக்கண நூலால் பின்னர் பெரும் புகழெய்திய லின்ட்லி மரே அவருக்குத் துணைநின்றார். 1796 இல் நகருக்கு வெளியே, சுற்றுப்புறம் நன்கு தெரியும் மேட்டுநிலம் ஒன்றில் ஏறத்தாழ முப்பது பேர் தங்கக்கூடிய இல்லம் திறக்கப்பட்டது. பைத்தியசாலை, வைத்தியசாலை ஆகிய சொற்களை விடுத்து அதற்கு 'றிற்றீற்', அதாவது புகலகம், என்று பெயரிட்டனர். அப்பெயரைத் தெரிந்தவர் ரியூக்கின் மருமகள் என்பர். அலைப்புண்ட கலம் ஒதுங்கும் துறை என்ற கருத்து அவர்கள் உள்ளத்தில் இருந்தது.

இவ்விடத்துக் குவேக்கரின் கோட்பாட்டினைச் சிறிது நோக்குதல் தகும். மனிதர் ஒவ்வொருவரிலும் இறையொளி உறைகின்றது என்பது அவர்களின் அடிப்படை நம்பிக்கை. அதனால் அவர்கள் குருமாரை வைத்துக்கொள்ளவில்லை. மேலோர் முன் தொப்பியைக் கழற்ற மறுத்தனர். பட்டப்பெயர் கூறி எவரையும் விளிக்கவில்லை. இதற்காகப் பதினேழாம் நூற்றாண்டில் சிறையும் சென்றனர். எவருக்கும் மிகையான மரியாதை செய்ய மறுத்த இக்கூட்டத்தார், எவரும் மரியாதை செய்யாத ஒரு பிரிவினருக்கு அதனை வழங்க முன்வந்தமை வியப்பன்று. உள்ளொளி பித்தினால் மறைக்கப்படலாமேயன்றி அவிந்துபோவதில்லை என்பது அவர்தம் கோட்பாட்டிலிருந்து இயல்பாகவே பெறப்படும் முடிபு.

புகலகத்தின் அன்றாட வாழ்க்கையை விரிவாக அறிவதற்கு, வில்லியம் ரியூக்கின் பேரனான சாமுவேல் ரியூக் 1813 இல் வெளியிட்ட விவரண நூல் துணைசெய்கின்றது. 1797 இல் ஜோர்ஜ் ஜெப்சன் என்பவர் மேற்பார்வையாளராகப் பொறுப்பேற்றார். இவர் வைத்தியப் பட்டம் பெறாதவர். பிறிஸ்ரல் நகருக்கு அண்மையில் பொக்ஸ் என்னும் வைத்தியர் நடத்திய உளநோயில்லத்தில் பணியாற்றிய கதரீன் அலன் பெண்கள் பகுதிக்குப் பொறுப்பாக வந்தார். இருவரும் 1806 இல் மணம் புரிந்துகொண்டனர். இல்லத்தின் நடைமுறையை உருவாக்கியவர்கள் பெரும்பாலும் இவ்விருவருமே எனலாம்.

தொடக்கத்தில் மருந்துகளும் கையாளப்பட்டன. ஆசெனிக்குக் கரைசலால் வைத்திய உலகில் பெயர்பெற்ற பௌலர் என்னும் வைத்தியர் புகலகத்துக்கு வந்து சென்றவர். அக்காலத்து மருந்துகளையெல்லாம் அவர் நேர்மையுடன் பரீட்சித்துப் பார்த்தார். அவற்றுட் பெரும்பாலானவை பயன்தரவில்லை என்பதை அதே நேர்மையுடன் ஒப்புக்கொண்டார். துயர்நோய் உடையோருக்கு வெந்நீர்க் குளிப்பு உதவிற்று. உறக்கமின்றிக் கொதித்தெழும் நோயாளருக்கு அபினுக்குப் பதிலாக இரவில் இறைச்சியுடன் கூடிய நல்ல உணவும் சிறிது கரும்பியரும் கொடுத்தபோது அவர்கள் உறங்கினர். பித்தருக்குப் பட்டினியே மருந்து என்று நம்பிய காலத்தில் இஃது ஒரு துணிகரச் செயல்.

கட்டடத்திலும் இந்நோக்கம் வெளிப்பட்டது. சாளரச் சட்டங்கள் இரும்பினால் ஆனவை. ஆயினும் பார்ப்பதற்கு மரச்சட்டங்கள் போலவே அமைக்கப்பட்டிருந்தன. முற்றங்களில் முயல்களும் கோழிகளும் கடற்புறாக்களும் வளர்க்கப்பட்டன. நோயாளர் தோட்டத்தில் வேலை செய்தனர், தைத்தனர், வாசித்தனர். பெண் நோயாளரைக் கதரீன் அலன் காலத்துக்குக் காலம் தேநீர் விருந்துக்கு அழைப்பார். அழைக்கப்பட்டோர் தம்மிடமுள்ள நல்ல ஆடைகளை அணிந்து வந்து அமர்வர். ஒருவரையொருவர் உபசரித்து உரையாடுவர். பெரும்பாலான மாலைகளில் அவ்வுரையாடல் எவ்விதக் குழப்பமும் இன்றி நிகழ்ந்ததாகச் சாமுவேல் எழுதியுள்ளார்.

நூலிலுள்ள நிகழ்ச்சிகளுள் ஒன்று பலராலும் எடுத்தாளப்படுவது. முப்பத்துநான்கு வயதளவில், மிகுந்த உடல்வலிமை வாய்ந்த மனிதர் ஒருவர் கைவிலங்குடன் கொண்டுவரப்பட்டார். முன்னைய நோய்க்காலங்களில் அவரை இடையறாது சங்கிலியிலேயே வைத்திருந்தனர். விலங்கைக் கழற்றாமலே உடைமாற்றத்தக்கவாறு அவருடைய ஆடைகள் தைக்கப்பட்டிருந்தன. புகலகத்தை அடைந்ததும் விலங்குகள் கழற்றப்பட்டன. மேற்பார்வையாளர் இருவரும் இரவுணவு அருந்திக்கொண்டிருந்த அறைக்கு அழைத்துச்சென்று, அவரையும் அம்மேசையில் அமர்த்தினர். உணவு முடிந்தபின் அவருடைய அறையைக் காட்டி, அங்குள்ள ஒழுங்குகளை விளக்கி, கட்டுப்பாடு எதுவும் தேவைப்படாது என்று தாம் நம்புவதாகவும், அது அவருடைய நடத்தையைப் பொறுத்தது என்றும் கூறினர். அவர் அமைதியுடன் கேட்டார். தம்மை அடக்கிக்கொள்வதாக வாக்களித்தார். பின்னரும் சிற்சில வேளைகளில் அவர் கூச்சலிட்டதுண்டு. அவ்வேளைகளில் ஜெப்சன் அவருடைய அறைக்குச் சென்று அருகில் அமர்ந்து பேசுவார். நான்கு மாதங்களின் பின் அவர் நலம்பெற்று வெளியேறினார்.

இந்நிகழ்ச்சியில் நோய் நீங்கியமைக்குக் காரணம் யாது என்பது விவாதத்துக்குரியது. இத்தகைய நோய் தானாகவே தணிவதும் உண்டு. ஆனால் அங்கு நடந்தவற்றின் ஒழுங்கு கருதத்தக்கது. முதலில் விலங்கு அகற்றப்பட்டது. அடுத்து உணவு மேசையில் இடம் தரப்பட்டது. அதன் பின்னரே நிபந்தனை பேசப்பட்டது. நடத்தையைக் கண்டபின் நம்புதல் என்னும் வழமையான ஒழுங்கு இங்குத் தலைகீழாக்கப்பட்டுள்ளது. நோயாளர் உள்ளத்தில் எஞ்சி நிற்கும் உணர்வுகளுள் வலிமையானது பிறருடைய நன்மதிப்பைப் பெறவேண்டும் என்னும் வேட்கை என்று சாமுவேல் ரியூக் கருதினார். துயர்நோயாளரிடம் குழந்தைகளிடம் பேசுவது போலவோ அதட்டியோ பேசுதல் தகாது என்றும் எச்சரித்தார். இம்முறை ஆங்கிலத்தில் 'மொறல்' சிகிச்சை எனப்பட்டது. அச்சொல் இங்கு ஒழுக்கத்தை மட்டும் குறிப்பதன்று. உடலுக்கன்றி உள்ளத்துக்கு அளிக்கப்படும் சிகிச்சை என்பதே அக்காலப் பொருள். ஆகவே அதனை உளநெறிச் சிகிச்சை என்று வழங்கலாம்.

புகலகத்தை மிகைப்படுத்துதலும் தவறாகும். அங்கும் கைப்பிணைச் சட்டை இருந்தது; தோல்வார் இருந்தது; தனியறையில் வைத்தலும் இருந்தது. சங்கிலி மட்டுமே ஒருபோதும் இருக்கவில்லை.

அதே காலத்தில் பரிஸ் நகரிலும் இத்தகைய மாற்றம் நிகழ்ந்தது. புரட்சிக் காலத்தில் பிலிப் பினெல் என்னும் வைத்தியர் பிசேத்ர் வைத்தியசாலையில் பித்தரின் சங்கிலிகளை வெட்டியெறிந்தார் என்பது பரவலாக அறியப்பட்ட கதை. 1876 இல் ரொபேர் பிளெரி, சல்பெத்ரியேர் வைத்தியசாலையில் பினெல் பித்தரை விடுவிக்கும் காட்சியைப் பெரிய ஓவியமாகத் தீட்டினார். உண்மை வரலாறு சற்று வேறானது. பினெல் 1793 இல் பிசேத்ருக்கு வந்தபோது, உளநோயாளர் பகுதிக்குப் பொறுப்பாயிருந்தவர் ஜோன் பப்ரீஸ்ட் பியூசேன் என்பவர். இவர் வைத்தியரல்லர், கண்டமாலை நோய்க்குச் சிகிச்சை பெறுவதற்காக அதே வைத்தியசாலைக்கு நோயாளராக வந்து, குணமடைந்தபின் அங்கேயே தொழிலில் அமர்ந்தவர். அடிப்பதைத் தடைசெய்தவரும், நலம்பெற்ற நோயாளரையே பணியாளராகத் தெரிந்தெடுத்தவரும் அவரே. துன்பத்தை அறிந்தவர் துன்புறுத்தத் தயங்குவர் என்பது அவர் கண்ட அனுபவம். 1797 இல் பிசேத்ரில் இரும்புச் சங்கிலிகள் அகற்றப்பட்டபோது பினெல் அங்கு இல்லை. இரண்டாண்டுகளுக்கு முன்னரே சல்பெத்ரியேர் வைத்தியசாலைக்குச் சென்றுவிட்டார். பினெல் தம் நூலில் பியூசேனிடமிருந்து கற்றதை மறைத்தாரல்லர். அவருடைய மகனும் மாணாக்கரும் வளர்த்த கதையே பியூசேனை மறைத்துவிட்டது. ஒருகாலத்து நோயாளர் ஒருவர் தொடக்கிய சீர்திருத்தம் பட்டம் பெற்ற வைத்தியரின் பெயரால் நிலைபெற்றமை, இத்துறை வரலாற்றில் மீண்டும் மீண்டும் காணப்படும் போக்கினுக்கு முதற் சான்றாகின்றது.

மீண்டும் யோர்க்கிற்கு வருவோமாயின், சாமுவேலின் நூல் அடக்கமான நடையில் எழுதப்பட்டிருந்தும் பெரும் கலகத்தை விளைத்தது. அந்நூல் தம்மைக் குறைகூறுகின்றது என்று பழைய பைத்தியசாலையின் வைத்தியர் பத்திரிகைக்கு எழுதினார். அவ்விவாதம் நடந்துகொண்டிருந்த வேளையில் கொட்பிறே ஹிக்கின்ஸ் என்னும் நீதவான் அங்கு நடந்த கொடுமையொன்றை வெளிப்படுத்தினார். இருபது பவுண் நன்கொடை அளிப்போர் அந்நிலையத்தின் ஆளுநராகலாம் என்ற பழைய விதி ஒன்று இருந்தது. ஹிக்கின்சும் அவருடைய நண்பர்களும் அத்தொகையைச் செலுத்தி ஆளுநர்களாகி உள்ளே நுழைந்தனர். 1813 டிசம்பர் இறுதியில் கட்டடத்தின் ஒரு பகுதி தீப்பற்றி எரிந்து நோயாளர் சிலர் மாண்டனர். அடுத்த ஆண்டில், பார்வையாளருக்கு ஒருபோதும் காட்டப்படாத சிற்றறைகளை ஹிக்கின்ஸ் வற்புறுத்தித் திறப்பித்தபோது, மலமும் ஈரவைக்கோலும் நிறைந்த அவ்வறைகளில் பெண்கள் இரவில் அடைத்துவைக்கப்பட்டமை வெளியாயிற்று. ஹன்னா மில்சைப் பார்க்க விடாததன் காரணம் இருபத்துநான்கு ஆண்டுகளின் பின் ஒருவாறு தெரியவந்தது. பணியாளர் நீக்கப்பட்டனர். அதே 1814 இல் பெத்லெமில் ஜேம்ஸ் நொறிஸ் என்பவர் பத்தாண்டுகளுக்கு மேலாக இரும்புக் கவசத்தில் பிணிக்கப்பட்டிருந்தமையும் கண்டறியப்பட்டது. 1815 இல் பாராளுமன்றத் தெரிவுக் குழு விசாரணை நடத்திற்று. அட்லாந்திக்கின் மறுகரையிலும் 1817 இல் பிலடெல்பியாவுக்கு அண்மையில் குவேக்கர் இத்தகைய இல்லத்தைத் திறந்தனர்.

உளநெறிச் சிகிச்சை வெற்றிபெற்றது. அவ்வெற்றியே அதன் தளர்ச்சிக்கும் வித்தாயிற்று. நல்ல நிலையம் நோயைத் தீர்க்கும் என்ற நம்பிக்கை பரவியதும் அரசுகள் பெரும் நிலையங்களைக் கட்டத் தொடங்கின. 1845 இன் சட்டம் ஒவ்வொரு மாவட்டத்திலும் பைத்தியசாலை அமைப்பதைக் கட்டாயமாக்கிற்று. லிங்கன் நகரிலும், 1839 முதல் ஜோன் கொனொலியின் பொறுப்பிலிருந்த ஹன்வெல்லிலும், கட்டிவைத்தல் முற்றாகக் கைவிடப்பட்டது. ஏறத்தாழ எண்ணூறு நோயாளரைக் கொண்ட ஹன்வெல்லில் இதனைச் செய்துகாட்டியமை அருஞ்செயலேயாம். ஆனால் எண்ணூறு பேரை ஒருவர் தம் உணவு மேசைக்கு அழைக்க இயலாது. 1851 இல் இலண்டனுக்கு வடக்கே திறக்கப்பட்ட கோல்னி ஹச் ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்கெனக் கட்டப்பட்டது. அதன் நடைவழிகளின் நீளம் ஆறு மைல் எனச் சொல்லப்பட்டது. வறியோரும் முதியோரும் வலிப்பு நோயாளரும் அங்கு வந்து நிறைந்தனர். ஜெப்சன் நோயாளரின் அறையில் அமர்ந்து பேசிய இடத்தில், திறப்புக்கொத்துடன் நடந்துசெல்லும் காவலாளர் வந்து சேர்ந்தனர். தோட்டமும் வேலையும் பெயரளவில் எஞ்சின. அவற்றுக்கு உயிரூட்டிய உறவு போய்விட்டது.

இத்தளர்ச்சிக்கு எண்ணிக்கை மட்டுமே காரணமா? சிறிய, வசதியான, நற்பெயர் பெற்ற இல்லங்களிலும் குறையொன்று இருந்தது என்பதை அறிவித்தவர் ஜோன் பெர்சிவல். இவர் 1812 இல் பாராளுமன்ற வாயிலில் சுட்டுக்கொல்லப்பட்ட பிரதம மந்திரி ஸ்பென்சர் பெர்சிவலின் மகன். அப்போது ஒன்பது வயதுச் சிறுவர். பின்னர் படையதிகாரியாயிருந்து, சமய ஈடுபாடு முற்றி, 1830 இன் இறுதியில் சித்தம் கலங்கினார். குரல்கள் கேட்டன, அவை கட்டளையிட்டன. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் உறவினர் அவரைப் பிறிஸ்ரலுக்கு அருகிலுள்ள பிறிஸ்லிங்ரன் இல்லத்தில் சேர்த்தனர். அஃது உளநெறிச் சிகிச்சைக்குப் புகழ்பெற்ற இல்லம்; அதனை நிறுவியவர், கதரீன் அலன் முன்பு எவரிடம் பணியாற்றினாரோ அதே பொக்ஸ் வைத்தியர்.

பெர்சிவல் பின்னர் வேறோர் இல்லத்துக்கு மாற்றப்பட்டு, 1834 இல் விடுதலையாகி, 1838 இலும் 1840 இலும் தம் அனுபவத்தை நூல்களாக வெளியிட்டார். கட்டிவைத்தமையையும் குளிர்நீரில் அமிழ்த்தியமையையும் அவர் கண்டித்தார். ஆனால் அவரை மிகவும் வருத்தியவை வேறு. தமக்கு நேர்ந்துள்ளது யாது என்று எவரும் தம்மிடம் வெளிப்படையாகப் பேசவில்லை. செய்யப்படும் ஒவ்வொன்றுக்கும் காரணம் கூறப்படவில்லை. தம்முடைய விருப்பம் கேட்கப்படவில்லை. வீட்டுத் தளபாடம் ஒன்றைக் கையாள்வது போன்றே தாம் கையாளப்பட்டதாக அவர் உணர்ந்தார். பேசாதிருந்தால் உடன்பாடு என்றனர். எதிர்த்தால் நோயின் குறி என்றனர். தாம் நலமடைந்ததைப் பற்றி அவர் கூறுவதும் சிந்திக்கத்தக்கது. குரல்களின் கட்டளைகளைச் சிறிது சிறிதாகப் பரீட்சித்து, அவற்றை மீறினாலும் கேடு விளையாமையைக் கண்டு, அவற்றின் மீது ஐயங்கொள்ளத் தொடங்கியமையே தமது மீட்சியின் தொடக்கம் என்கிறார். சுற்றியிருந்தோர் எவரும் அறியாதவாறு அவருள்ளே ஒரு சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. வினவியிருந்தால் அறிந்திருப்பர்.

பெர்சிவல் நூல் எழுதியதோடு அமையவில்லை. 1845 இல், முன்னாள் நோயாளரும் அவர்பால் பரிவுடையோரும் சேர்ந்து, பித்தரெனக் குற்றஞ்சாட்டப்பட்டோரின் நண்பர் சங்கம் என்னும் பொருள்படும் அமைப்பொன்றைத் தோற்றுவித்தனர். பெர்சிவல் அதன் செயலாளராக உழைத்தார். நியாயமின்றி அடைக்கப்பட்டோரின் வழக்குகளை ஆராய்தலும், நோயாளரின் கடிதங்கள் தடைப்படாதிருக்கவேண்டும் என வாதாடுதலும் அதன் பணிகளாயின. 1859 இல் பாராளுமன்றக் குழுவின் முன் தோன்றியபோது, அரசியாரின் ஆட்சிக்குட்பட்ட பித்தர் அனைவருக்கும் தாமே சட்டமா அதிபர் என்று அவர் தம்மை அறிமுகஞ் செய்தார். கேட்டோர் நகைத்திருக்கக்கூடும். சொன்னவர் நகைப்புக்காகச் சொன்னாரல்லர்.

பெர்சிவலின் முறைப்பாட்டையும் புகலகத்தின் நெறியையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். சாமுவேல் ரியூக் நோயாளருக்கு மதிப்பின் மீது வேட்கை உண்டு என்று கண்டார். ஆனால் அம்மதிப்பு நன்னடத்தையால் ஈட்டப்படவேண்டியதாய், குடும்பத் தலைவர் பிள்ளைகளுக்கு வழங்குவது போன்றதாய் இருந்தது. பெர்சிவல் கேட்டது வளர்ந்த மனிதனுக்கு உரிமையாக உள்ள மதிப்பு. பிரெஞ்சுச் சிந்தனையாளர் மிசேல் பூக்கோ 1961 இல் வெளியிட்ட நூலில், ரியூக்கும் பினெலும் உடலின் சங்கிலியைக் கழற்றி உள்ளத்துக்குச் சங்கிலி பூட்டினர் என்னும் கருத்துப்பட வாதிட்டார். தேநீர் விருந்தும் அவருடைய நோக்கில் ஓயாத கண்காணிப்பே. இவ்வாதத்தில் உண்மை உண்டு, மிகையும் உண்டு. இரும்புக் கவசத்தில் பத்தாண்டு கிடந்த நொறிசுக்கு இவ்விரு சங்கிலிகளும் ஒன்றெனச் சொல்லத் துணிவோர் இலர். பூக்கோவின் நூல் வெளிவந்த அதே ஆண்டில், மானிடவியலாளர் கிறகரி பேற்சன் பெர்சிவலின் மறக்கப்பட்ட நூல்களைத் தொகுத்து மீளப் பதிப்பித்தார். தத்துவவாதியின் கண்டனத்தைவிட நோயாளரின் சாட்சியம் இவ்விடயத்தில் நுட்பமானது என்றே தோன்றுகின்றது.

இருபதாம் நூற்றாண்டில் இவ்விரு இழைகளும் மெல்ல அணுகி வந்தன. ஐக்கிய அமெரிக்காவில், குவேக்கர் ஒருவரின் கொடையால் எழுந்த வைத்தியசாலையொன்றில், ஹரி ஸ்ரக் சலிவன் 1920 களின் இறுதியில் இளம் நோயாளருக்கான விடுதியொன்றை நடத்தினார். பணியாளரை அவரே தேர்ந்து பயிற்றினார். நோயாளருக்கும் பணியாளருக்கும் இடையிலான உறவே சிகிச்சை என்று கொண்டார். அவருடைய கருத்துகளால் கவரப்பட்ட தாதியர் பேராசிரியை ஹில்டகார்ட் பெப்லோ 1952 இல் வெளியிட்ட நூல், தாதிக்கும் நோயாளருக்கும் இடையே வளரும் உறவைத் தாதியத்தின் மையப்பொருளாக்கிற்று. தற்செயலாக, பரிஸ் வைத்தியர்கள் குளோர்புரோமசீன் என்னும் மருந்தின் பயனை உளநோயில் கண்டறிந்ததும் அதே 1952 ஆம் ஆண்டிலேயாம். மருந்து பலரை விடுதிகளிலிருந்து வெளியே கொண்டுவந்தது. வெளியே வந்தவர் எவ்வாறு வாழ்வது என்பதற்கு அதனிடம் விடை இருக்கவில்லை.

அவ்விடையைத் தேடியோர் மீண்டும் முன்னாள் நோயாளரே. ஜூடி சம்பர்லின் 1978 இல் வெளியிட்ட நூலில், நோயாளர் தாமே நடத்தும் உதவி நிலையங்களுக்காக வாதாடினார். இளமையில் மனச்சிதைவு நோயெனக் கூறப்பட்டு, பின்னர் உளவியலாளராகிய பற்றீசியா டீகன், மீட்சி என்பது குணமாதலினின்றும் வேறானது என்று 1988 இல் எழுதினார். நோயின் அடையாளங்கள் முற்றாக நீங்காவிடினும், ஒருவர் தம் வாழ்வைத் தாமே பொறுப்பேற்று, பொருளுடையதாக அமைத்துக்கொள்வதே மீட்சி. அது பிறரால் செய்து கொடுக்கப்படுவதன்று. அதற்கு இடங்கொடுக்கும் உறவுகளைப் பிறர் அமைக்கலாம். நோயாளரை நம்புதல், காரணம் கூறுதல், அவருடைய தெரிவைக் கேட்டறிதல், தோல்வியுறவும் உரிமை அளித்தல் என்பன அவ்வுறவின் கூறுகள். பெர்சிவலின் முறைப்பாடுகளை அறிந்தோருக்கு இவற்றுள் எதுவும் புதிதாகத் தோன்றாது. 1993 இல் வில்லியம் அந்தனி என்பார் இக்கருத்தினைச் சேவைகளின் வழிகாட்டு நோக்காக முன்வைத்தபின், பல நாடுகளின் அரசுகள் 'மீட்சி' என்ற சொல்லைத் தம் கொள்கை ஆவணங்களில் ஏற்றுக்கொண்டன. சொல் பரவியதளவுக்குப் பொருள் பரவிற்றா என்பது கோல்னி ஹச்சை நினைவிற்கொண்டு கேட்கவேண்டிய வினா.

பிரித்தானிய ஆட்சியின் வழியே இவ்வரலாற்றின் ஒரு கிளை இலங்கைக்கும் வந்தது. ஆனால் வந்தது யோர்க்கின் மேசையன்று. 1845 இன் சட்டத்தை ஒத்த மனப்பாங்கே. 1873 ஆம் ஆண்டின் சித்தசுவாதீனமற்றோர் கட்டளைச் சட்டம், ஒருவர் சித்தசுவாதீனமுடையவரா என்பதை மாவட்ட நீதிமன்றம் விசாரித்துத் தீர்மானிக்கவும், அடைத்துவைக்கவும் வழிசெய்தது. 1956 இல் அது திருத்தப்பட்டபோது, தாமே விரும்பிச் சேர்வோருக்கும் இடம் ஏற்பட்டது.

சட்டத்துக்கு வெளியே, இல்லங்களில் நிகழ்ந்தது வேறு. அமெரிக்கச் சமூகவியலாளர் நான்சி வக்ஸ்லர், இலங்கையில் மனச்சிதைவு நோயுற்ற 44 பேரை ஐந்தாண்டு தொடர்ந்து ஆராய்ந்து 1979 இல் தம் முடிவுகளை வெளியிட்டார். அந்நோயாளருள் பலர், மேலைநாட்டு ஆய்வுகளிற் கண்டதைவிட நல்ல நிலையில் இருந்தனர். நோயை வந்துபோகும் ஒன்றாகக் குடும்பத்தார் கருதியமையும், நோயுற்றவரை வேறொருவராக மாறிவிட்டவராக எண்ணாது பழைய தொழிலுக்கும் உறவுக்கும் திரும்ப ஏற்றுக்கொண்டமையும் அதற்குக் காரணம் என்று அவர் விளக்கினார். வளரும் நாடுகளில் இந்நோயின் முடிவு நல்லதாக அமைகின்றது என்னும் பொதுக்கருத்தைப் பிற்கால ஆய்வாளர் சிலர் ஐயுற்றுள்ளனர். 44 பேரைக் கொண்டு பெருமுடிபு காண்பதும் இயலாது. குடும்பத்தை மாத்திரம் புகழ்ந்து அமைவதற்கும் இடமில்லை. நோயுற்றவரை வீட்டின் பின்னறையில் கட்டிவைத்தல் பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இருந்தது போலவே ஈழத்திலும் இருந்ததுண்டு. எனினும் யோர்க்கில் தேயிலை வணிகர் ஒருவர் பணம் திரட்டி அமைக்கவேண்டியிருந்த அம்மேசை, இந்நாட்டு வீடுகள் சிலவற்றில் எவரும் பெயரிடாமலே இருந்து வந்துள்ளது என்பதற்கு வக்ஸ்லரின் ஆய்வு சான்றாகின்றது. அம்மேசையில் அமர்ந்தவரிடம் அவருடைய விருப்பம் கேட்கப்பட்டதா என்பது தனியே ஆராயப்படவேண்டியது.